அத்தாவுக்காக நான் குடித்த காப்பி

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு எங்கே போய் நிற்கிறது என்று கவனித்திருப்பீர்கள். முதலில் பிள்ளைகள், அப்புறம் முழங்கால், அதற்கப்புறம் காப்பி. ஒருவர் டாக்டர் சொல்லிவிட்டார் என்று நாளைக்கு இரண்டோடு நிறுத்திக்கொண்டிருக்கிறார். இன்னொருவர் பால் சேர்க்காமல் குடித்தால் ஒன்றும் செய்யாது என்று அடித்துச் சொல்கிறார். மூன்றாமவர் டீக்கு மாறிவிட்டதாகப் பெருமைப்பட்டுக்கொண்டு அதை ஆறு டம்ளர் குடிக்கிறார். குறைக்கலாமா, வேண்டாமா, நீ என்ன சொல்கிறாய் என்று போன வாரம் என்னையும் பிடித்துக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உங்களில் யாரும் ஒரு வருஷத்தில் குடித்திராத காப்பியை நான் ஒரே கோடையில் குடித்துத் தீர்த்தவள். அப்போது எனக்குப் பத்து வயது. அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன், முடிவை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

கம்பம் மெயின் ரோட்டில் எங்கள் காப்பித்தூள் கடை. எங்கள் வீட்டில் அப்பாவை அத்தா என்றுதான் கூப்பிடுவோம். குமுளிப் பக்கத்து எஸ்டேட்டுகளிலிருந்து கொட்டை மூட்டைகள் ஜீப்பில் வந்து இறங்கும். கடையின் பின்பக்கம் வறுக்கிற இரும்பு உருளை, முன்பக்கம் அரவை மிஷின், மாடியில் நாங்கள். காலையில் மிஷின் ஓடத் தொடங்கியதும் மாடித்தரை முதுகுக்கடியில் கிடுகிடுவென்று அதிரும். எங்களுக்கெல்லாம் அதுதான் எழுந்திருக்கிற மணி. வாசனையைக் கேட்கவே வேண்டாம். என் பாவாடை, நோட்டு, தலைமுடி எல்லாவற்றிலும் காப்பி. வகுப்பில் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள் கணக்குப் பாடம் முழுக்க என் பின்னலை மோந்துகொண்டிருப்பாள்.

அத்தாவின் கடைக்கு அந்தப் பள்ளத்தாக்கு முழுக்கப் பெயர் இருந்தது. பெயருக்குக் காரணம் மிஷின் இல்லை, அத்தாவின் நாக்கு. ஒவ்வொரு வறுவல் இறங்கியதும் ஒரு பிடி அரைத்து, டிகாக்‌ஷன் இறக்கி, சின்னப் பித்தளை டம்ளரில் ஊற்றிக் கையில் எடுப்பார். கண்ணை மூடுவார். தொண்டை ஒருமுறை ஏறி இறங்கும். ஒரு "ம்" சொன்னால் சரக்கு விற்பனைக்குப் போகலாம். இரண்டு "ம்" சொன்னால் வேறு எதையோ சேர்க்க வேண்டும். ஒன்றும் சொல்லாமல் கண்ணைத் திறந்தால், உருளையைச் சுற்றுகிற வறுவல்காரர் அந்த இடத்தை விட்டு மெதுவாக நகர்ந்துவிடுவார். ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து டம்ளராவது இப்படி உள்ளே போகும்.

பங்குனி மாதத்தில் ஒரு நாள் கல்லாவில் உட்கார்ந்திருந்த அத்தா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். படபடவென்று அடித்துக்கொள்கிறது என்றார். தேனிக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, எத்தனை காப்பி குடிக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். அத்தா உண்மையைச் சொல்லியிருக்கிறார். இனி ஒரு சொட்டுக்கூடக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

அத்தா எதையும் பாதி செய்கிறவர் இல்லை. அன்றைக்கே நிறுத்தினார். மறுநாளிலிருந்து மூன்று நாள் தலையில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு ஜன்னலைச் சாத்திய அறையில் கிடந்தார். நெஞ்சுவலிதான் தலைக்கு ஏறிவிட்டது என்று அம்மா அழுதார். நாலாம் நாள் எழுந்து, முகம் கழுவி, ஒன்றும் நடக்காதது மாதிரி கடைக்கு இறங்கிப் போனார்.

ஆனால் வறுவலை யார் ருசி பார்ப்பது? அத்தா வாயில் வைத்துத் துப்பிப் பார்த்தார். முதல் வாயைத் துப்பினார். இரண்டாவது தானாக உள்ளே போய்விட்டது. நாக்கில் பட்டால் தொண்டை என் பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறது என்று அம்மாவிடம் வெட்கத்தோடு சொன்னதை நான் கேட்டேன். வறுவல்காரருக்கு நாள் முழுக்கப் புகையிலை, அவர் நாக்கு எப்போதோ மரத்துப்போயிருந்தது. அண்ணனை உட்கார வைத்தார்கள். அவன் எதைக் கொடுத்தாலும் நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டுப் பந்து விளையாட ஓடினான். இரண்டு வாரத்தில் உத்தமபாளையத்து ஓட்டல்காரர் ஒருவர் தூளைத் திருப்பி அனுப்பினார். அத்தா அந்தப் பொட்டலத்தை மோந்து மோந்து பார்த்தபடி நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது.

அன்று சாயங்காலம் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தேன். மேஜைமேல் யாரும் தொடாத ஒரு டம்ளர் இருந்தது. எடுத்துக் குடித்துவிட்டேன்.

"அத்தா, இது போன வாரத்துக் காப்பி இல்லையே. நனஞ்ச சாக்கு மாதிரி இருக்கு" என்றேன்.

வறுவல்காரர் கையிலிருந்த முறம் கீழே விழுந்தது. கோடை மழையில் ஜீப்பிலேயே ஒரு மூட்டை நனைந்திருக்கிறது. அவர் யாரிடமும் சொல்லாமல் மொட்டைமாடியில் காயவைத்து உருளையில் போட்டிருக்கிறார். அத்தா அவரைத் திட்டக்கூட இல்லை. என் முன்னால் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். இன்னொரு டம்ளரை நீட்டி, இது எப்படி இருக்குன்னு சொல்லும்மா என்றார். அத்தா என்னிடம் ஒன்றைக் கேட்டது அதுதான் முதல்முறை.

மறுநாளிலிருந்து நான்தான் கடையின் நாக்கு. எனக்கென்று ஒரு முக்காலி, அந்தப் பித்தளை டம்ளர், நீலப்பூப் போட்ட ஓர் எனாமல் கிண்ணம். கிண்ணம் துப்புவதற்கு. அத்தாவின் சட்டம் ஒன்றே ஒன்று. வாயில் வைக்கணும், நாக்கில் உருட்டணும், துப்பிவிடணும். பிள்ளைக்குக் காப்பி கொடுக்கிறீர்களா என்று அம்மா கேட்டபோதும் இதைத்தான் சொன்னார். துப்பத்தானே செய்கிறாள், உள்ளே என்ன போகிறது என்றார்.

நான் ஒரு நாள்கூடத் துப்பவில்லை. கிண்ணத்தின்மேல் குனிந்து கொஞ்சம் எச்சிலை விட்டுவிட்டு நிமிர்வேன். காப்பி உள்ளே போயிருக்கும்.

என்ன ஒரு மாதம் அது! எனக்குத் தெரிந்த சொற்களை வைத்துக்கொண்டு சொல்வேன். இது தகரத்தை நக்கியது மாதிரி, இது வெல்லம் கருகியது மாதிரி, இது காய்ச்சலில் குடிக்கிற கஞ்சி மாதிரி. வறுவல்காரர் அதையே தொழில் பாஷையாக எடுத்துக்கொண்டார். "முதலாளி, இன்னைக்கி கொஞ்சம் தகரம் அடிக்குது, பீபெரிக் கொட்டை சேர்ப்பமா" என்று அவர் தீவிரமான முகத்தோடு கேட்பார். அத்தா அதே தீவிரத்தோடு என்னைத் திரும்பிப் பார்ப்பார்.

உடம்பில் ஒரு ஜீப் என்ஜினை மாட்டிவிட்டது மாதிரி இருந்தது எனக்கு. கடையிலிருந்து ஆற்றுப் பாலம் வரை ஓடுவேன், மூச்சு வாங்காமல் திரும்பி ஓடி வருவேன். அண்ணனுக்கு ஒரு மாதம் பிடித்த சைக்கிளை நான் ஒரே சாயங்காலத்தில் கற்றுக்கொண்டேன். முழுப்பரீட்சையில் முதல் ஆளாகப் பேப்பரைக் கொடுத்துவிட்டு வெளியே வந்து நொண்டி ஆடினேன். டீச்சர் அத்தாவைக் கூப்பிட்டு, உங்கள் மகள் என்னமாய்ச் சுறுசுறுப்பாகிவிட்டாள் என்று பாராட்டினார். என் எழுத்து கோணல் மாணலாகத் துள்ளிக்கொண்டிருந்ததை அவர் சுறுசுறுப்பில் சேர்த்துவிட்டார். தூக்கம்தான் வரவில்லை. சூடு என்று அம்மா தலையில் விளக்கெண்ணெய் தேய்த்தார். பள்ளிவாசலில் ஓதிய தண்ணீர் வாங்கி வந்து முகத்தில் தெளித்தார். யாருக்கும் டம்ளரின்மேல் சந்தேகம் வரவில்லை. கிண்ணம்தான் இருந்ததே!

சித்திரை பிறந்ததும் வீரபாண்டி அம்மன் கோயில் திருவிழாப் பேச்சு தொடங்கிவிடும். எட்டு நாளும் ஜனம் அலைமோதும். அங்கே வருஷா வருஷம் பெரிய காப்பிக் கடை போடுகிறவர் ஒருவர் இருந்தார். தேனிக்காரர். எட்டு நாளுக்கும் அத்தாவிடம்தான் தூள் எடுப்பார். அந்த ஒரு விற்பனையில்தான் எங்கள் கடையின் பாதி வருஷம் ஓடும். அந்த வருஷம் அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார்.

"நீங்க காப்பியே குடிக்கிறதில்லைன்னு பேசிக்கிறாக. குடிக்காத ஆளு கையில தூள் வாங்குனா எனக்கு எப்படி நம்பிக்கை வரும்?" என்றார்.

அத்தா என்னைக் கூப்பிட்டார். தேனிக்காரர் சிரித்துவிட்டார். பிறகு, சரி பார்ப்போம் என்று, தன்னோடு கொண்டுவந்திருந்த இரண்டு பொட்டலங்களையும் எங்கள் தூளையும் எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய், தானே மூன்று டம்ளர் கலந்து கொண்டுவந்து வைத்தார். தெருவில் போகிறவர்கள்கூட நின்றுவிட்டார்கள். என் காதில் மிஷின் ஓடுவது மாதிரி இரைச்சல். அப்போது மிஷினை நிறுத்தியிருந்தார்கள்.

முதல் டம்ளரில் சிக்கரி நிறைய என்றேன். இரண்டாவது நன்றாக இருக்கிறது, ஆனால் எங்களுடையது இல்லை. மூன்றாவதைக் குடித்ததும் எனக்குக் குழப்பமாகிவிட்டது. அத்தாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் வேண்டுமென்றே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு வாய் குடித்தேன்.

"இது எங்க தூளுதான். ஆனா இதுல வேற எதையோ கலந்துட்டீக" என்றேன்.

தேனிக்காரர் மூன்றாவது டம்ளரைக் கையில் எடுத்தார். ஒரு கரண்டி பழைய தூளைச் சேர்த்தேன் என்று ஒப்புக்கொண்டார். போன வருஷத்தைவிடக் கூடவே எடுத்துக்கொள்கிறேன் என்றார். வறுவல்காரர் என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு கடையைச் சுற்றி வந்தார். அத்தா வாய்விட்டுச் சிரித்தார். நெஞ்சுவலிக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அடுத்து வந்த நாட்களில் உருளை ஓயவே இல்லை. வறுவலுக்கு ஒரு டம்ளர், கலவைக்கு ஒரு டம்ளர். திருவிழா தொடங்கிய அன்று, காலை வறுவலையெல்லாம் நான் ருசி பார்த்து முடித்த பிறகு, முதல் டிகாக்‌ஷன் எப்படி இறங்குகிறது என்று பார்க்க அத்தா என்னையும் பஸ்ஸில் வீரபாண்டிக்குக் கூட்டிப் போனார். பச்சைப் பாவாடை கட்டியிருந்தேன். சின்னமனூர் தாண்டும்போதே ரோட்டோரம் ஜனம் நடந்து போய்க்கொண்டிருந்தது. வீரபாண்டியில் இறங்கினால் காதைப் பிளக்கிற கொட்டு. தலையில் தண்ணீர்க்குடம் வைத்தவர்கள், கையில் வேப்பிலைக்குள் அக்கினிச்சட்டி ஏந்தியவர்கள், ராட்டினத்தின் கிறீச், பொரிகடலை வாசனை. தேனிக்காரர் இரண்டு பெரிய டம்ளர் நீட்டினார். இரண்டையும் குடித்துவிட்டு, சரியா இருக்கு என்று சொல்லி, ராட்டினம் பார்க்க வெளியே ஓடினேன்.

கொட்டுச் சத்தத்துக்கு நடுவில் நின்றபோதுதான் என் கைவிரல்கள் தனியாக ஆடுவதைப் பார்த்தேன். பிறகு முழங்கால். நெஞ்சுக்குள் ஒரு கோழி சிறகடித்தது. நிறுத்தப் பார்த்தேன், முடியவில்லை. உடம்பு முழுக்க உதறியது. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

சுற்றி நின்ற பெண்கள் என்மேல் ஆத்தா இறங்கிவிட்டாள் என்று விலகி வட்டம் கட்டினார்கள். ஒருவர் என் கையில் வேப்பிலையைத் திணித்தார். யாரோ மஞ்சள் தண்ணீரைத் தலையில் ஊற்றினார்கள். குளிர்ச்சியாக இருந்தது, ஆனாலும் உதறல் நிற்கவில்லை. பெரிய பொட்டு வைத்த ஒரு அம்மாள் என் முன்னால் கைகூப்பி நின்று கேட்டார்.

"என்ன கொறை வச்சோம், சொல்லு தாயி."

அத்தனை பெரியவர்கள் என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். செத்துப்போகப் போகிறேன் என்று நினைத்தேன். செத்தால் பொய் சொன்னதற்குக் கேள்வி உண்டு என்று ஓதுகிற பள்ளியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"நான் துப்பலை. எல்லாத்தையும் முழுங்கிட்டேன்" என்றேன்.

அந்த அம்மாள் கண் கலங்கித் திரும்பி, ஆத்தா நாம் கொடுத்ததையெல்லாம் ஏற்றுக்கொண்டாளாம் என்று மற்றவர்களுக்குச் சொன்னார். எல்லோரும் குலவையிட்டார்கள்.

அந்தக் குலவைக்குள்தான் அத்தா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். நான் சொன்னது அவர் காதில் விழுந்திருந்தது. முகம் சாம்பலாக இருந்தது. என் மகள், உடம்பு சரியில்லை என்று அவர் சொன்னதும் அந்தப் பெண்களே வழிவிட்டு, எனக்கு விசிறிக்கொண்டே முதலுதவிப் பந்தல் வரை கூட வந்தார்கள்.

பந்தலில் இருந்த நர்ஸ் என் நாடியைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தார். புருவம் ஏறியது. காலையிலிருந்து என்ன சாப்பிட்டாள் என்று அத்தாவிடம் கேட்டார். அத்தாவை முந்திக்கொண்டு நான் விரல்விட்டு எண்ணினேன்.

"பதினாலு" என்றேன்.

"பதினாலு என்னது?"

"காப்பி."

நர்ஸ் என் கையை விட்டுவிட்டு அத்தாவைப் பார்த்தார். "பெரிய ஆளுகளையே கொறைக்கச் சொல்றோம். இந்தப் புள்ளைக்கி யாரு குடுத்தது?"

"நான்தான்" என்றார் அத்தா.

நர்ஸ் எனக்குத் தண்ணீர் குடிக்கக் கொடுத்து, படுக்க வைத்து, சாயங்காலம் வரை நாடியைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தார். அத்தா தரையில் என் கட்டிலின் காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலையில் படபடப்பு போய்விட்டது. ஆனால் மத்தியானத்துக்குள் தலைவலி வந்தது. நெற்றிப்பொட்டில் ஆணி இறக்கியது மாதிரி. அத்தா பதறிப்போய் டாக்டரைக் கூப்பிடச் செருப்பை மாட்டினார். அம்மா மட்டும் என் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே வலிக்கிறது, எப்படி வலிக்கிறது என்று நிதானமாகக் கேட்டார். கண்ணுக்குப் பின்னால் என்றேன். அம்மா என் நெற்றியில் கையை வைத்தார்.

"நோன்பு புடிச்சா மொத மூணு நாளு எனக்கும் இப்படித்தான் வலிக்கும். காப்பி இல்லாத வலி இது. நாலாம் நாளு தானாப் போயிரும்" என்றவர், வாசலில் நின்ற அத்தாவைத் திரும்பிப் பார்த்தார். "காப்பிய விட்ட அன்னைக்கி ஒங்களுக்கும் இதேதான்."

அத்தா ஒரு செருப்போடு அப்படியே நின்றார்.

பிறகு அம்மா ஒரு டம்ளர் பாலில் இரண்டு கரண்டி டிகாக்‌ஷன் விட்டுக் கொடுத்தார். மறுநாள் ஒரு கரண்டி. அதற்கு மறுநாள் அரை. ஒரேயடியாக வெட்டினால் உடம்பு கோபித்துக்கொள்ளும், மெல்ல மெல்லக் கழற்ற வேண்டும் என்றார். குறைக்கலாமா என்று கேட்கிற உங்களுக்கும் நான் சொல்ல அதுதான் இருக்கிறது. நான் இப்போது குடிப்பது காலையில் ஒன்று, பதினோரு மணிக்கு ஒன்று. அதற்குமேல் கிடையாது. அந்த இரண்டையும் யார் சொன்னாலும் விடுவதாக இல்லை.

கடையை எப்படி நடத்துவது என்ற கேள்விக்கும் அம்மாதான் பதிலானார். திருவிழா முடிவதற்குள் இன்னும் மூன்று மூட்டை வறுத்தாக வேண்டும். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு முதல்முறையாகக் கடையின் பின்பக்கம் இறங்கி வந்தார். டம்ளரை வாங்கினார், ஒரு வாய் உருட்டினார், தெரு வரை கேட்கிற மாதிரி துப்பினார். சிக்கரி கூடுதல் என்றார். அடுத்ததைத் துப்பிவிட்டு, தீ ஒரு நிமிஷம் முந்தி நின்றிருக்கணும் என்றார். வறுவல்காரர் அத்தாவைப் பார்த்தார். அத்தா "ம்" என்றார். இத்தனை வருஷம் அம்மாவை யாரும் கேட்டதே இல்லை. பிற்பாடு அந்தக் கடை இருபது வருஷத்துக்குமேல் அம்மாவின் நாக்கில்தான் ஓடியது.

எங்கள் இரண்டு பேரையும் அம்மா வெளியே விரட்டிவிட்டார். கடை வாசல்படியில் நானும் அத்தாவும், ஆளுக்கொரு டம்ளர் மல்லிக் காப்பியோடு உட்கார்ந்திருந்தோம். இரண்டு பேருக்கும் அது பிடிக்கவில்லை. ஏன் முழுங்கினாய் என்று அத்தா அப்போதுதான் கேட்டார்.

"நான் முழுங்குனா ஒங்க தொண்டையும் ஏறி எறங்குது. ஒங்களுக்கே குடிச்ச மாதிரி இருக்கு. துப்புனா அப்படி இல்ல" என்றேன்.

அத்தா மல்லிக் காப்பியைப் படியில் வைத்தார்.

"நீ துப்பலன்னு எனக்குத் தெரியும்மா. மொத நாளே பாத்துட்டேன்" என்றார்.

எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது, நம்புவீர்களா? எனக்கு மட்டுமே என்று நினைத்திருந்த ரகசியம் அத்தாவுக்கும் சேர்ந்ததாக இருந்திருக்கிறது. துள்ளிக் குதித்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன்.

கோபம் வந்தது என் மகளுக்குப் பத்து வயதானபோது. அவள் நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டு பால் குடிப்பதைப் பார்த்தேன். அந்தச் சின்னத் தொண்டையைப் பார்த்தேன். தெரிந்தே எப்படி விட்டார் அத்தா? அன்றைக்கே, நான் வாழ்க்கைப்பட்ட தேனியிலிருந்து பஸ் ஏறிக் கம்பத்துக்குப் போனேன், சண்டை போடுவதற்கென்றே. அத்தா வயதாகி, மாடியில் ஈஸிசேரில் இருந்தார். நின்றுகொண்டே கேட்டேன். அவர் எதையும் மறுக்கவில்லை.

"கடை போயிருமோன்னு பயந்து கெடந்தேன். நீ கெடச்ச. புடிச்சுக்கிட்டேன்" என்றார். பிறகு, "ஒம் மக காப்பி குடிக்கிறாளா?" என்றார்.

இல்லை என்றேன்.

"கேட்டாலும் குடுத்திராத" என்றார்.

சண்டை பாதியிலேயே நின்றுபோன எரிச்சலோடு கிளம்பி வந்துவிட்டேன். மன்னிப்புக் கேட்கத் தெரியாத மனிதர் அன்றைக்கு என்னிடம் அதைத்தான் கேட்டிருக்கிறார் என்று, பஸ் உத்தமபாளையத்தைத் தாண்டும்போதுதான் எனக்கு உறைத்தது. இறங்கித் திரும்பிப் போகலாமா என்று பார்த்தேன். அடுத்த வாரம் மகளையும் கூட்டிக்கொண்டு போனேன்.